நான் வேலை செய்த தியேட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

இந்தப் பெட்டியைத் திறந்ததும் முதலில் உன் கையில் படுவது கடிதமாகத்தான் இருக்கும். அடியில் வைத்தால் மிளகாய்த்தூள் மணம் பிடித்துவிடும் என்று அம்மாதான் மேலே வைக்கச் சொன்னாள். கீழே இரண்டு சோடி கையுறை, பருத்தித்துறை வடை, ஒரு போத்தல் ஊறுகாய் எல்லாம் இருக்கின்றன. வடக்கே, நீ வேலைக்குப் போன டிமின்ஸில் இப்போதே பனி விழத் தொடங்கிவிட்டது என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து அவள் தினம் ஒரு சாமானைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். நான் திணிப்பது இது ஒன்றுதான். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருஷம் என் காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவன் நீ. மெதுவாக வாசித்தால் எல்லாம் விளங்கும். விளங்காத சொல் இருந்தால் அம்மாவுக்குப் போன் எடு. எனக்கு எடுக்காதே. இதையெல்லாம் வாயால் சொல்ல முடிந்திருந்தால் நான் ஏன் பேனையைத் தூக்குகிறேன்?

வருகிற சனிக்கிழமை உன்னோடு சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுடன் முதல் தடவையாக மூஸ் வேட்டைக்குப் போகிறாய். குதிரையைவிட உயரமான அந்தக் காட்டு மானை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உன் தோளில் தொங்கப் போவது ஆவணி மாதம் நீயும் நானும் சேர்ந்து போய் வாங்கிய துவக்கு. அது தோளில் ஏறுவதற்கு முன்னால் உன்னிடம் சொன்ன இரண்டு பொய்களை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று இந்த வருஷத்துப் பொய். மற்றது நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துப் பொய்.

புதியதை முதலில் சொல்கிறேன், அது சுலபம். உன் துவக்கு லைசென்ஸ் கார்ட் தபாலில் தாமதமாகவில்லை. நான்தான் ஒளித்து வைத்தேன்.

சித்திரை மாதம் எங்கள் வீடு எப்படிக் கிடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். வன்னியில் சின்ன மாமாவின் தொடர்பு அறுந்து ஏழு கிழமை. அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரு தம்பி. அவள் தமிழ் ரேடியோவை அணைக்கவே விடவில்லை. குளிக்கப் போனாலும் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போவாள். நீ வேலை முடிந்ததும் நேரே டவுன்ரவுனுக்குப் போய்த் போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் நிற்கிற பிள்ளைகளோடு நின்றாய். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைத் தொடாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாய். நான் மேசைக்கு வந்தால் நீ எழும்பிப் போனாய். தப்பி வந்து இங்கே சுகமாக இருக்கிறார்களே என்று எங்கள் மேல் உனக்குக் கோபம் என்று நினைத்தேன். எனக்கே என் மேல் அந்தக் கோபம் இருந்ததால் அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பிரின்ரரில் நீ மறந்துவிட்டுப் போன தாளை எடுத்தேன். உன் கையெழுத்தில் துவக்கு ரவைகளின் அளவு, மூன்று வரி. 223, சின்னது, மலிவு, கொயோட்டிக்குச் சரி. 308, மூஸுக்குச் சரி, விலை கூட, தோளில் உதைக்கும். 7.62x39, துவக்கும் மலிவு, ரவையும் மலிவு. கீழே ‘செமி ஓட்டோமற்றிக்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாய். இப்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால் எல்லா வரியும் தெரிகிறது. அன்று என் கண்ணில் பட்டது மூன்றாவது எண் மட்டும்தான். கொயோட்டி நரியையும் கண்டேனில்லை, மூஸையும் கண்டேனில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தபாலில் உன் பெயருக்குக் கார்ட் வந்தது. உறை தடிப்பாக இருந்தது, பிரித்தேன். பிள்ளையின் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று இந்த நாட்டில் வளர்ந்த உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிரித்தேன். உன் படம் போட்ட கார்ட். நீ வன்னிக்குச் சண்டைக்குப் போய்விடுவாய் என்று பயந்தேன். இன்னொரு பயமும் இருந்தது, அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்படிச் சாப்பிடாமல், கதைக்காமல் இருக்கிற பிள்ளை அந்தத் துவக்கைத் தன் பக்கமே திருப்பிவிடுமோ என்ற பயம். கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ‘தம்பி, உனக்கு என்னத்துக்குத் துவக்கு?’ ஐந்து சொல்லுக்கும் குறைவு. நான் கேட்கவில்லை. கார்ட்டைக் கொண்டுபோய் ரவை டின்னுக்குள் புதைத்தேன்.

ஏன் ரவை டின் என்று கேட்பாய், சுடுகிற ரவை இல்லை, கேசரி கிண்டுகிற ரவை. அரிசி வாளியை அம்மா தினமும் திறப்பாள், மா டின்னையும் திறப்பாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் கேசரி கிண்ட மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஒளிக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த வீட்டில் இல்லை. நீ கார்ட்டைத் தேடி லைசென்ஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போன் எடுத்து, ‘It was mailed? Then where is it?’ என்று கத்தும்போது நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். ‘இந்தத் தபால்காரர் சரியில்லை, பக்கத்து ஊரிலயும் இப்பிடித்தானாம்’ என்று வேறு சொன்னேன். அந்த மனிதனிடம் இன்றைக்கும் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். அந்தக் காலை நீ படியில் இருந்து அழுதாய், நான் உள்ளே நின்று கண்ணாடியால் பார்த்தேன். வெளியே வந்து உன் முதுகில் கை வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. எனக்குள் என்ன இருந்தது என்று சொல்லட்டுமா? இனி ஒரு ரவையும் வராது என்ற நிம்மதி. அத்தனை சனம் செத்துக் கிடக்கும்போது நிம்மதி என்ற சொல் எப்படி வாய்க்குள் வரும்? வெட்கமாக இருந்தது. அதனால்தான் உன்னிடம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன்.

ஆனியில் சின்ன மாமாவைப் பற்றி அந்தப் போன் வந்தது. யாரோ ஒரு பெண், வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாமுக்குள் வேலை செய்கிறவளாம், தன் பெயர் சொல்லாமல் எங்கள் நம்பரைச் சரிபார்த்துவிட்டு ‘ஆள் இருக்கிறார், காலிலதான் காயம், நடக்கிறார்’ என்றாள். அம்மா இரண்டு தடவை ‘நடக்கிறானோ? நடக்கிறானோ?’ என்று கேட்டாள். வைத்துவிட்டு அழவில்லை. நேரே சமையலறைக்குப் போய்த் தாச்சியை அடுப்பில் வைத்து, நெய்யை விட்டு, ரவை டின்னைத் திறந்தாள். அப்போதுதான் எனக்கு உயிர் போய் வந்தது. அவள் டின்னுக்குள் கையை விட்டாள். கார்ட்டை எடுத்தாள். உன் படத்தைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சேலையில் துடைத்து மேசையில் வைத்துவிட்டு ரவையை வறுக்கத் தொடங்கினாள்.

நீ வந்தபோது அவள் சொன்னதைக் கேட்டாய்தானே. ‘தம்பி, உன்ர கார்ட் வந்திருக்கு.’ நீ எடுத்துப் பார்த்து, ‘ஏனம்மா இதில மண்?’ என்றாய். ‘மண்ணில்லை, ரவை’ என்றாள். ‘ரவையோ? Already?’ என்று நீ சிரித்தாய். நான்கு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரோ சிரித்தார்கள். உனக்கு அது பகிடி. எனக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் அப்படியே இறங்கியது. பிறகு அவள் நான் கேட்காததைக் கேசரியைக் கோப்பையில் போட்டபடியே கேட்டாள். ‘உது என்னத்துக்கு உனக்கு?’ நீயும் வாய் நிறையக் கேசரியோடு சொன்னாய். கல்லூரிச் சிநேகிதனோடு மாரியிலேயே துவக்குப் படிப்புக்குப் போனதாக. வடக்கே வேலை கிடைக்கப் போவதாக. அங்கே எல்லோரும் வேட்டைக்குப் போவார்கள், ‘நான் மட்டும் வீட்டில இருந்தா weird அம்மா’ என்று. அவ்வளவுதான் விஷயம். இரண்டு மாதம் நான் செத்துச் செத்துப் பிழைத்த விஷயம் ஒரு கோப்பைக் கேசரிக்குள் முடிந்தது.

இனிப் பழைய பொய். நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது, பெற்றோர் என்ன வேலை செய்தார்கள் என்று வகுப்பில் சொல்லச் சொன்னார்கள். நீ வந்து என்னிடம் கேட்டாய். நான் ‘யாழ்ப்பாணத்தில தியேட்டரில வேலை செய்தனான்’ என்றேன். அடுத்த நாள் நீ வகுப்பில் எழும்பி, என் அப்பா படம் ஓடுகிற தியேட்டரில் வேலை செய்தவர், அவருக்கு எல்லாப் படமும் இலவசம் என்று சொல்லிவிட்டு வந்தாய். ரீச்சர் உனக்கு ஸ்டிக்கர் தந்தாவாம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது திருத்த மனம் வரவில்லை. பிறகு நீ வளர்ந்து, ‘அப்பா, அங்க popcorn விக்கிறவையோ?’ என்று கேட்டபோது ‘கடலை’ என்றேன். பொய்க்குக் கடலையும் வறுத்தேன் பார்.

நான் வேலை செய்தது ஆஸ்பத்திரித் தியேட்டரில், தம்பி. சத்திரசிகிச்சை செய்கிற தியேட்டர். டொக்டர் இல்லை, தாதியும் இல்லை. ஆளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவது, இரத்தம் கழுவுவது, சொன்னதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வளைந்த ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டொக்டர் உள்ளே துழாவி ரவையை எடுத்து அதற்குள் போடுவார். ‘டங்’ என்று ஒரு சத்தம். அது கேட்டதும் அந்த அறையில் நிற்கிற எல்லோரும் மூச்சு விடுவோம். டொக்டரும் விடுவார். அதற்குப் பிறகு ரவையைக் கழுவிச் சின்னப் போத்தலில் போட்டு, பெயரும் அளவும் எழுதி ஒட்டுவதும் நான்தான். டொக்டர் அளவைச் சொல்வார், நான் எழுதுவேன். கொஞ்ச நாளில் அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கூடுதலாக எழுதிய எண் 7.62. எந்தப் பக்கத்துத் துவக்கிலிருந்து வந்தது என்று ரவை சொல்லாது. நாங்களும் கேட்பதில்லை.

இப்போது ஆவணி மாதத்துக்கு வா. விட்பி ஊருக்கு அங்கால், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சோளக் காணிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் துவக்குக் கடை. ஏன் உன்னோடு வந்தேன் தெரியுமா? இனிமேல் உன்னைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன், கேட்பதற்கும் கூச்சமாக இருந்தது, ஆகவே கூடவே வந்துவிட்டேன். கடைக்காரர் ஒவ்வொரு அளவிலும் ஒரு ரவையை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார். நீ மூன்றாவதையே பார்த்துக்கொண்டிருந்தாய், மலிவு, சிநேகிதனும் அதைத்தான் வைத்திருக்கிறான் என்று. நான் அதை ஒரு விரலால் தள்ளி வைத்து, ‘உது வேண்டாம்’ என்றேன். 308ஐத் தொட்டு ‘இதை எடு’ என்றேன். மூஸுக்கு மற்றது காணாது, காயத்தோடு ஓடிப்போய் எங்காவது கிடந்து சாகும் என்று கடைக்காரரும் சொன்னார். நீ துவக்குகளைப் பார்க்க அங்கால் போனபோது அவர் என்னிடம், ‘ஐயா ஆர்மியில் இருந்தவரோ?’ என்று கேட்டார். ‘ஹொஸ்பிற்றல்’ என்றேன். அவர் நான் தள்ளி வைத்த ரவையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். நல்ல மனிதன்.

காரில் வரும்போது, ‘எப்பிடியப்பா உங்களுக்கு உது தெரியும்?’ என்று கேட்டாய். ‘ரீவியில பாத்தனான்’ என்றேன். அப்போது நீ சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாய். ‘Funny thing அப்பா, ரெண்டும் ஒரே அகலம்தான். 308 எண்டாலும் 7.62 எண்டாலும் வெளியில போற துண்டு almost same. பின்னால இருக்கிற கோதுதான் நீளம்.’ உனக்கு நினைவிருக்கிறதா, நான் ஸ்காபரோவில் எங்கள் வீடு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தது? களைப்பு என்று நினைத்திருப்பாய். எந்த எண்ணுக்குப் பயந்து தள்ளினேனோ அந்த எண்ணையே பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறேன்! எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததெல்லாம் ஆளுக்குள் இருந்து வெளியே வந்த நுனி மட்டும்தான். கோதை நான் கண்டதே இல்லை. அது எங்கேயோ ஒரு சந்தியில், சுட்டவனின் காலடியில் விழுந்து கிடந்திருக்கும்.

அந்த எண்ணுக்கு நான் ஏன் இவ்வளவு பயப்பட்டேன் என்பதை அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுடைய இடது தோளில் இருக்கிற தழும்பை நீ சின்ன வயதில் விரலால் தடவிக் கேட்பாய். ஊரில் பிள்ளைகளுக்குப் போடும் பெரிய ஊசி என்று சொல்லியிருந்தோம். ஊசி இல்லை. அவள் இருபத்தொரு வயதில் ரைப்பிங் வகுப்புக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவள். சந்தியில் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். எங்கேயோ பட்டுத் தெறித்து வந்ததால் வேகம் குறைந்து தோளுக்குள் நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பெயரும் 7.62 என்ற அளவும் எழுதி ஒட்டியதும் நான். அடுத்த நாள் வாட்டுக்குப் போனபோது, ‘எடுத்ததை ஒருக்காக் காட்டுங்கோ’ என்றாள். அப்படிக் காட்டக் கூடாது, ஆனாலும் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானோ?’ என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் அவளைக் கட்டினேன்.

கடையால் வந்த அன்று இரண்டு எண்ணும் ஒன்றுதான் என்பதை அவளிடம் சொன்னேன். மிகவும் கவலையாகத்தான் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை விட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ‘உதுகூடத் தெரியாமலோ இவ்வளவு காலம் தியேட்டரில நிண்டனீங்கள்?’ என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன மாமா நடக்கிறார், நீ சாப்பிடுகிறாய், அவள் சிரிக்கிறாள். இப்போது நிம்மதி என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

துவக்கைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை, மறுமுனையில் நின்ற தகுதியைத் தவிர. உன்னுடையது செமி ஓட்டோமற்றிக். ஒன்று போனதும் மற்றது தானாக வந்து இருக்கும். அது இருக்கிறது என்ற துணிவில் முதலாவதைச் சுடாதே. ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள். தூரமென்றால் விட்டுவிடு, வெறுங்கையோடு வா, இங்கே யாரும் உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. சுடும்போது விறைத்துப் போகாதே, சுட்ட பிறகு சிரிக்காதே. மனதுக்குப் பாரமாக இருந்தால், அது எந்தப் பாரமாக இருந்தாலும், எங்களிடம் சொல்லு. நான் கேட்கத் தெரியாத மனிதன் என்று உனக்கு இப்போது தெரியும். ஆகவே நீயே சொல்லிவிடு. நானும் பழகுகிறேன்.

மூஸ் கிடைத்தால் அம்மாவுக்கு நான்கு இறாத்தல் வேண்டுமாம், சரக்குத்தூள் போட்டுப் பிரட்டப் போகிறாள். இப்போதும் பக்கத்தில் நின்று, ‘இறைச்சிக்குள்ள ரவை கிடக்கோ எண்டு வடிவாப் பாத்து எடுத்துப்போட்டு அனுப்பச் சொல்லுங்கோ’ என்கிறாள். எடுத்ததை எறிந்துவிடாதே, தம்பி. பெட்டியின் அடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறேன். அதற்குள் போடு. சத்தம் கேட்டதும் ஒருதரம் நன்றாக மூச்சை விடு. பிறகு எனக்குப் போன் எடு.

அப்பா